பத்தாவது நாரை

"அக்கா பாத்துக்கும்லா."

ரூபன் சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு மாவுக்கட்டு போட்ட வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவன்போல பால் சேர்க்காத தே ஓவை உறிஞ்சினான். அடுப்படியில் சம்பல் கிண்டிக்கொண்டிருந்த தினேஸ்வரியின் கரண்டி சட்டியிலேயே நின்றது.

"எத அக்கா பாத்துக்கும்?"

"கொளத்தத்தான். கால் சரியாவுற வரைக்கும் காவல் வேலைய அக்காவுக்குக் குடுக்கச் சொல்லி பறவைச் சங்கத்து பாய்கிட்ட பேசிட்டேன்."

சம்பலில் போட்ட பிளாச்சான் இறால்பசை கருகும் வாடை வீடு முழுக்க ஏறியது. தினேஸ்வரி அடுப்பை அணைக்கவில்லை. கருகட்டும் என்று விட்டாள்.

பத்து காஜாவுக்கு வெளியே, பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் தண்ணீர் நின்று உண்டான குளம் அது. நடுவில் ஒரு மேடு. மேட்டில் பட்டுப்போன மரங்கள். வருடக் கடைசியில் சயாம் பக்கமிருந்து நாரைகள் வந்து இறங்கும். ஊரார் எல்லாவற்றையும் கொக்கு என்றுதான் சொல்வார்கள். மூடினாலும் நடுவில் இடுக்கு விட்டு நிற்கும் அலகை வைத்து, பறவைச் சங்கத்தார் மட்டும் அதை நத்தைகுத்தி நாரை என்பார்கள். பகலெல்லாம் வயல்களில் கொண்டாங் நத்தையை உடைத்துத் தின்றுவிட்டு, சாயங்காலம் இந்த மரங்களில் வந்து அடையும். மார்ச்சு வெயில் ஏறியதும் கூட்டமாக வடக்கே கிளம்பிவிடும். கிளம்புவதற்குமுன் எத்தனை இருந்தன என்ற கணக்கைத்தான் சங்கம் பெரிதாக மதித்தது. வலை போடுகிறவர்களையும் ஏர்கன் பையன்களையும் விரட்டுவது, சாயங்காலம் பறவைகளை எண்ணுவது, இரண்டும் ரூபன் வேலை. மழை ஈரத்தில் கரையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் காலை ஒடித்துக்கொள்ளும்வரை ஒருநாள் தவறாமல் செய்தான்.

அந்த வேலையைத் தனக்குத் தருவான் என்று தினேஸ்வரி நம்பியிருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. ரப்பர்ப் பால் வெந்த ஆவியில் நின்று நின்று விரல் நுனியெல்லாம் வெங்காயச் சருகாக உரிந்துகொண்டிருந்தது. மகள் தஞ்சோங் மாலிமில் படிக்கப் போனபிறகு வீட்டில் இருந்ததே இரண்டு பேர். இந்த வீட்டில் அவளை விட்டால் வேறு யார்?

வேறு ஆள் வந்து ஆறு மாதமாகியிருந்தது.

ரூபனின் அக்கா பிரமிளா. தெலுக் இந்தானில் புருஷன் இறந்தபின், ஒரு பெட்டியும் ஒரு லோரி நிறைய ஆடுகளுமாக வந்து இறங்கியவள். வீட்டுக்குப் பின்னால், எஸ்டேட் லயங்களை இடித்துப்போட்ட நிலத்தில் பட்டி போட்டுக்கொண்டாள். கெட்டவள் இல்லை. அதுதான் தினேஸ்வரிக்கு ஆகவில்லை. சண்டை போட ஒரு பிடி கிடைக்கவில்லை. பிரமிளா வைத்த கருவாட்டுக் குழம்புக்கு ரூபன் மறுசோறு கேட்பான். பிரமிளா "வெள்ளக் கங்காணி கொடை" என்பாள். ரூபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "என்னா?" என்று தினேஸ்வரி கேட்டால், "அது எஸ்டேட் கதைலா, உனக்குப் புரியாது" என்பான். அவள் புந்தோங்கில் பிறந்து வளர்ந்த டவுன்காரி. இருபது வருடம் ஒரே பாயில் படுத்தும், அந்த இருவரின் சிரிப்புக்குள் நுழைய அவளுக்கு வழியில்லை.

"எனக்குக் குடுக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லியா?"

ரூபன் குவளைக்குள் பார்த்தான். "நீ பொறும இல்லாதவ தினேஸ். அக்கான்னா... அதுக்கு எண்ணத் தெரியும்."

"எனக்கு எண்ணத் தெரியாதா? ஒரு பெட்டிக்கு நூறு கையுறைன்னு ராத்திரி பூரா என்னா பண்றேன், நாட்டியமா ஆடறேன்?"

பின்பக்கத்திலிருந்து பிரமிளாவின் குரல் வந்தது. "தம்பி, சம்பல் கருகுது பாரு."

தன் அடுப்பு கருகுவதைக்கூட அவள்தான் சொல்லவேண்டியிருக்கிறது!

மறுநாள் காலை ஷிப்டு பஸ் பத்து காஜாவில் நின்றதும் தினேஸ்வரி வீட்டுக்குப் போகாமல் நேராக மதார் சாகிப்பின் கடைக்குப் போனாள். மதார் சாகிப் ரொட்டி சானாய் மாவை வீசிக்கொண்டிருந்தார். கடை அவருடைய பிழைப்பு. பறவை அவருடைய பைத்தியம். வட்டாரப் பறவைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கல்லாவுக்கு மேல் மக்கா படமும் அதன் பக்கத்தில் ஒரு நாரைப் படமும் மாட்டியிருந்தன.

"உக்காரு தங்கச்சி. தே தாரே ஒன்னு?"

"தே வேணாம் பாய். அந்த வேல வேணும்."

மாவு ஒருமுறை வீச்சுத் தவறிக் கல்லில் விழுந்தது. "தம்பி அக்காவுக்குன்னு சொன்னாரே."

"அவரு சொல்லுவாரு. நீங்க எங்க ரெண்டு பேரையும் எண்ண விட்டுப் பாருங்க. யாரு சரியா எண்றாங்களோ அவங்களுக்குக் குடுங்க. நான் தோத்தா வாயத் தொறக்க மாட்டேன்."

"தம்பி சண்டைக்கு வந்தா?"

"ஒத்தக் கால்ல எவ்வளோ தூரம் வருவாரு பாய்?"

மதார் சாகிப் தொப்பை குலுங்கச் சிரித்தார். அடுக்களையிலிருந்து அவர் மகள் நூருல் எட்டிப் பார்த்தாள். ஈப்போவில் கேமராக் கடை வைத்திருப்பவள். இந்த வருடம்தான் நீளக் கண்ணாடி போட்ட புது கேமரா வாங்கியிருந்தாள். "அத்தா, நான் படம் புடிக்கிறேன். எல்லாம் மரத்துல அடைஞ்ச பொறவு ஒரே படம். வீட்டுல கம்ப்யூட்டர்ல பெருசாக்கி ஒன்னு ஒன்னா எண்ணிடலாம். யாரு கிட்ட வர்றாங்கன்னு தெரிஞ்சிரும்."

மூன்று சாயங்காலம் என்று முடிவாயிற்று.

முதல் நாள் வெயில் உச்சியைப் பிளந்தது. சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் மேகம் கறுத்து ஏறியும் மழை இறங்கவில்லை. கரையில் இரண்டு பெண்களையும் குளத்தைப் பார்க்க முன்னும் பின்னுமாக நிற்க வைத்தார் மதார் சாகிப். பேசக்கூடாது, ஒருவர் கையை ஒருவர் பார்க்கக்கூடாது. ஆளுக்கொரு கவுண்டர், கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு எண் ஏறும் சின்ன இரும்பு வில்லை.

"அண்ணி, வெயில் ஒத்துக்குதா?" என்றாள் தினேஸ்வரி, தேன் தடவின குரலில்.

"ஆட்டுக்காரிக்கு வெயில் என்னா தினேசு? நீதான் ராத்திரி பூரா முழிச்சவ. கண்ணு சொருகிறப் போவுது."

கண் சொருகவில்லை. முதல் கூட்டம் தெற்கேயிருந்து வந்தபோது தினேஸ்வரிக்குத் தூக்கமே மறந்துபோனது. சிறகை அடிக்காமல், வானத்தில் ஒரு பெரிய கரண்டியால் கிண்டியதுபோல வட்டம் போட்டு, ஒவ்வொன்றாகக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கின. சாம்பல் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு. இதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மனுஷன் தினம் தினம் முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறான்! ஒரு நாளாவது 'நீயும் வா' என்று கூப்பிட்டிருப்பானா? அந்தப் பறவைகள் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

டிக், டிக், டிக். முதுகுக்குப் பின்னால் பிரமிளாவின் கவுண்டரும் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு கோளாறு இருப்பதைத் தினேஸ்வரியின் காது பிடித்தது. ஓடி ஓடி, ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி ஓடி, மறுபடி ஒரு நிறுத்தம். நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்து கிடக்கிற மாதிரி. கிழவி கண் அசருகிறாள் என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

இருட்டும்போது கவுண்டரைக் காட்டினார்கள். தினேஸ்வரிக்கு நானூற்றுப் பன்னிரண்டு. பிரமிளாவுக்கு முந்நூற்று அறுபத்தொன்பது. மறுநாள் நூருல் போன் பண்ணினாள்: படத்தில் நானூற்றுப் பத்து.

வீட்டில் அன்று தினேஸ்வரி நாசி லெமாக் வாங்கி வந்து மூன்று தட்டில் வைத்தாள். "நானூத்திப் பன்னெண்டு" என்று இரண்டு முறை சொன்னாள். நல்லா எண்ணியிருக்கே என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் காத்திருந்தாள். ரூபன் முகம் செத்துப்போயிருந்தது. முட்டையைப் பிட்டுப் பிட்டுப் போட்டான்.

"மூணு நாளெல்லாம் எதுக்கு? விட்டுரு தினேஸ். அக்காவே பாக்கட்டும்."

"ஜெயிக்கிறவள விட்டுரச் சொல்றீங்க?"

"வேணாம்னா வேணாம்லா!"

அவன் கத்திப் பல வருடமாகியிருந்தது. பிரமிளா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டு, தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். தம்பியும் பார்த்தான். மறுபடி அந்தப் பார்வை. அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் பார்வை.

இரண்டாம் நாள் மழை கொட்டி ஓய்ந்த பிறகு பறவைகள் பிந்தி வந்தன. மறுபடியும் தினேஸ்வரியின் கணக்கு படத்தோடு ஒட்டி நின்றது. பிரமிளாவுடையது நாற்பதுபோலக் குறைந்தது. ஆனால் மறுநாள் காலை கடைக்குப் போனபோது மதார் சாகிப் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. தம்பி வருஷா வருஷம் குடுத்த எண்ணிக்க ஒரு பக்கம், பிரமிளாவோடது ஒரு பக்கம். ரெண்டும் ஒரே வரிசையா போவுது. உன்னோடதும் படத்தோடதும் மட்டும் தனியா ஒசரமா நிக்குது. ஒரே வருஷத்துல இவ்வளோ பறவை கூடியிருக்காது. தம்பி இத்தன வருஷமா என்னா எண்ணினாருன்னு மேல இருக்கவங்க கேப்பாங்க. நான் என்னா சொல்ல?"

"கண்ணால பாத்து எண்றதுதானே பாய். முன்ன பின்ன இருக்கும்."

"இருக்கும். ஆனா எப்பவும் பின்னயே இருக்கே."

வெயிலில் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். படுத்தவள் தூங்கவில்லை. சாயங்காலத்துக்கு முன்னால் பின்பக்கம் ஆட்டுச் சத்தம் கேட்டது. குளத்துக்குக் கிளம்புமுன் பிரமிளா பட்டி அடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஆடாக உள்ளே விட்டு, முதுகைத் தொட்டு எண்ணினாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

ஒன்றை 'லாபம்' என்று சொல்வது நெல் அளக்கிறவர்கள் வழக்கம்; அதைத் தினேஸ்வரி தன் அம்மாவிடமும் கேட்டிருக்கிறாள். ஆச்சரியம் அதில் இல்லை.

"...எட்டு, ஒம்போது."

அடுத்த ஆட்டின் முதுகை பிரமிளா தொடவில்லை. பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டி, "போ" என்று உள்ளே விட்டாள். அதற்கு அடுத்ததைத் தொட்டுத்தான், "பத்து" என்றாள்.

தினேஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பட்டியில் இருபத்து மூன்று ஆடுகள். இப்படி எண்ணினால் இருபத்தொன்றில் முடிந்துவிடும்.

டிக், டிக், டிக்... நிறுத்தம்.

கண் அசரவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். பத்துக்கு ஒன்று!

சட்டென்று திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி ரூபனும் பின்வாசல் வழியாக ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை இல்லாதவன், உதடு தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தம் வந்தபோது அவன் உதடும் மூடியது. ஒரு ஆடு கடந்துபோனது. பிறகு மறுபடி அசைந்தது.

தினேஸ்வரி போய் அவன் முன்னால் நின்றாள்.

"பத்தாவத ஏன் விட்டீங்க?"

ரூபனின் முகம் வெளுத்தது. "என்னா பத்தாவது?"

"எல்லா வருஷமும் விட்டீங்களா?"

மாவுக்கட்டைச் சுரண்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்பா எஸ்டேட்டுல மாடு வெச்சிருந்தாரு. முழுசா எண்ண மாட்டாரு. எண்ணி முடிச்சா கண்ணு விழுமாம். பத்துல ஒன்ன எண்ணாம விட்டா, அது பாக்கியிருக்குன்னு நாளைக்கி மத்ததையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி வருமாம். அக்காதான் என்னை இடுப்புல வெச்சிக்கிட்டு மாட்ட காட்டிக் காட்டி எண்ணச் சொல்லிக் குடுத்துச்சு. நான் அப்புடித்தான் பழகினேன். வேணும்னு பண்ணலே தினேஸ். பத்தாவது வந்தா வெரல் அமுக்க மாட்டேங்குது. அமுக்கிட்டா அடுத்த வருஷம் அதுங்க வராமப் போயிருமோன்னு..."

"அதான் அண்ணிக்கு வேலையக் குடுக்கச் சொன்னீங்க. ரெண்டு கணக்கும் ஒத்துப் போவும்."

அவன் தலையாட்டினான். "வெளிய தெரிஞ்சா பொய்க் கணக்கு எழுதினவன்னு தொரத்திருவாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"நீ டவுன்காரி. சிரிப்பே."

"அண்ணிகிட்ட மட்டும் சொன்னீங்க."

"அதுகிட்ட எதுக்குலா சொல்லணும்? அதுக்குத் தெரியுமே."

அந்தக் கடைசி வார்த்தைதான் குத்தியது. வேறு ஒருத்தி இருந்திருந்தாலாவது தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். இது ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு ஆடு போகிற சந்து. அதற்குள் அக்காளும் தம்பியும் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறார்கள். அவளுக்கு அங்கே உட்கார ஒரு பலகை போடவில்லை.

மூன்றாம் சாயங்காலம். தினேஸ்வரியின் கைக்குள் கவுண்டர் வியர்த்தது. முழுசாக எண்ணினால் வேலை அவளுக்கு. புருஷன் பேர் நாறும். குறைத்து எண்ணினால் புருஷன் தப்பிப்பான். நாத்தனார் ஜெயிப்பாள், அந்தச் சந்தும் இன்னும் ஒரு வருடத்துக்குப் பூட்டியே கிடக்கும். நாரைகள் வட்டம் போட்டு இறங்கின. பின்னால் டிக், டிக், நிறுத்தம். இப்போது அந்த நிறுத்தம் ஒவ்வொன்றும் இடி மாதிரி காதில் விழுந்தது. அவள் ஒன்றுகூட விடாமல் அழுத்தினாள்.

கவுண்டரைக் காட்டவேண்டிய நேரத்தில் அவள் காட்டவில்லை.

"பாய், இவங்க பத்துக்கு ஒன்னு வுட்டு எண்றாங்க."

பிரமிளா விருட்டென்று திரும்பினாள். "தினேசு!"

"அவரும் அப்புடித்தான் எண்ணியிருக்காரு. எல்லா வருஷமும். அப்பா மாட்டுக்கு விட்டாராம், அக்கா ஆட்டுக்கு விடுதாம், தம்பி நாரைக்கு விட்டாராம். வுட்டு வெச்சாத்தான் திரும்பி வருமாம். குடும்பமே இப்புடித்தான். எனக்குத்தான் சொல்லலே!"

நல்லெண்ணத்தில் சொன்னாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ரகசியம் இரண்டே பேருக்குச் சொந்தமாக இன்னொரு ராத்திரி இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். சொன்ன பிறகுதான் ரூபனின் வெளுத்த முகம் கண்ணில் வந்து நின்றது. கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதார் சாகிப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எப்பவும் பத்துக்கு ஒன்னா? ரெண்டு, மூணுன்னு இஷ்டத்துக்கு விட்டாரா?"

"ஒன்னுதான். அந்த வீட்டுல எல்லாருக்கும் ஒன்னுதான்" என்றாள் தினேஸ்வரி கசப்போடு.

நூருல் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "அத்தா! விட்டதச் சேத்துப் பாருங்க. எல்லா வருஷமும் ஒழுங்கா வருது. இந்த வருஷத்தோட ஒத்துப் போவுது. திடீர்னு ஒன்னும் கூடலே." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொன்னு. ரெண்டு நாளும் சேத்துப் பாத்தா... படத்துக்கு ரொம்பக் கிட்ட வர்றது பிரமிளா அக்காதான்."

தினேஸ்வரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வாயைத் திறந்து, எதிராளிக்கு வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டாள்!

மதார் சாகிப் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு தொப்பையால். "என் கடையில ஒருத்தன் தெனமும் தே தண்ணியில ஒரே அளவு சீனி குறைக்கிறான்னா, நான் அவனுக்குப் பெரிய கரண்டியா குடுத்துருவேன். இஷ்டத்துக்குப் போடறவன வெச்சித்தான் தொல்ல. தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். மேல இருக்கவங்களுக்கும் நானே வெளக்கி எழுதறேன். திட்டு விழும், வேல போவாது." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "காவல் வேல பிரமிளாவுக்கு. பகல் பூரா இருக்கணும். உனக்கு பேக்டரி இருக்கு தங்கச்சி. ஆனா எண்றது ரெண்டு பேரும் சேந்துதான். இந்தம்மா வாயில பத்தாவது வராதே. யாராச்சும் சொல்லணும்ல?"

"எடுபிடி வேலையா?"

"சங்கத்து வேல. பெட்ரோலும் ராத்திரிச் சாப்பாடும் என் கடையில."

இருட்டில் பிரமிளா தினேஸ்வரி பக்கத்தில் வந்து குந்தினாள். திட்டப் போகிறாள் என்று தினேஸ்வரி தோளை இறுக்கிக்கொண்டாள்.

"என் தம்பிய நீ மாட்டி வுட்டுட்டேன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஒன் மென்னியத் திருகியிருப்பேன்."

"திருகுங்க."

"எதுக்கு? இனிமே நீ சொல்லு பத்தாவத. நான் சொன்னாத்தானே கண்ணு விழும்? நீ எங்கப்பா மாட்டப் பாக்காதவ. ஒன் வாய்க்கு அதெல்லாம் ஒட்டாது." கொஞ்சம் பொறுத்து, "இந்த வேலைய நீ இவ்வளோ ஆசப்பட்டேன்னு அவன் எனக்குச் சொல்லவே இல்ல தினேசு. அவன் எனக்கும்தான் எல்லாத்தையும் சொல்றதில்ல" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் தினேஸ்வரிக்கு நாசி கண்டார் சோற்றைவிட ருசியாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த சாயங்காலத்திலிருந்து குளக்கரையில் இரண்டு குரல் கேட்டது. பிரமிளா ஒன்பதுவரை சொல்லி நிறுத்துவாள். அந்தச் சந்தில் தினேஸ்வரி நுழைந்து, "பத்து!" என்பாள். தேவைக்குமேல் சத்தமாகவே சொன்னாள். "மெதுவா சொல்லேன், பறந்துரும்" என்பாள் பிரமிளா. "பறந்தா திரும்பி வரும் அண்ணி, ஒங்க ஒம்போதையும் கூட்டிக்கிட்டு வந்துரும்" என்பாள் தினேஸ்வரி. வலை போட வந்து கரையில் வழுக்கி விழுந்து, அரைக்கால் சட்டை கிழிய ஓடிய ஒருவனை நினைத்து இருவரும் வீடு வந்து சேரும்வரை சிரித்தார்கள்.

"என்னா, என்னா?" என்றான் ரூபன், நாற்காலியிலிருந்து எக்கி.

"கொளத்துக் கதைலா. நேர்ல பாக்கணும். சொன்னா புரியாது" என்றாள் தினேஸ்வரி.

நாரைகள் வடக்கே கிளம்பும் வாரம் வந்தது. தெளிந்த வானம், மலை ஓரமெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. தினேஸ்வரி மோட்டாரை வெளியே தள்ளினாள். பிரமிளா தண்ணீர்ப் போத்தலும் கொரேங் பீசாங் பொட்டலமுமாகப் பின்னால் ஏறினாள். ரூபன் இரண்டு கட்டைகளையும் அக்குளில் ஊன்றிக்கொண்டு வாசல்வரை நொண்டி வந்துவிட்டான்.

"நானும் வாரேன்."

"எங்க உக்காருவீங்க? ஹேண்டில்லயா?"

"அக்கா, நீயாச்சும் சொல்லேன்."

பிரமிளா பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாழைப்பழ பஜ்ஜியை அவன் கையில் வைத்தாள். "இன்னக்கி கெளம்பிருச்சுன்னா நான் வந்து சொல்றேன் தம்பி."

"சொன்னா எப்புடி? நான் இத்தன வருஷம்..." பஜ்ஜியைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கீழுதடு லேசாகப் பிதுங்கியது. பார்வை சுருங்கி, இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்த சீட்டின்மேல் வந்து நின்றது.

தினேஸ்வரி அந்த முகத்தை மோட்டாரின் பக்கக் கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தாள். அவளுக்குப் புதிய முகம் இல்லை. ஆறு மாதமாக, காலையில் பல் விளக்கும்போதெல்லாம் குளியலறைக் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்டார்ட்டரை உதைத்தாள்.

"கதவச் சாத்திக்குங்க" என்றாள் திரும்பாமலே. "கொசு வருது."